உழாத வயலில் விளைந்த பாட்டு: வாசகர் கேள்வி – பதில்

இம்மாதம் இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றி வருகின்றன. ஒரு நாட்டின் நிலமும் நீரும் அங்கே கிடைக்கிற பொருளும் அந்நாட்டு எழுத்தையும் நினைப்பையும் எவ்வளவு தூரம் உருவாக்குகின்றன? மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: நிலத்தை வைத்து இலக்கியத்தை விளக்குவதை ஐரோப்பியர் 19ஆம் நூற்றாண்டில்தான் கண்டுபிடித்தார்கள், தொல்காப்பியர் அதற்கு முன்பே சொல்லிவிட்டார் என்று மேடைதோறும் பேசுகிறார்கள். சரிதானா? (ஓர் ஆசிரியர், பரமக்குடி)

கைதட்டல் வாங்க உதவும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. பிரெஞ்சுக்காரர் இப்போலித் தேன் 1860களில் ஆங்கில இலக்கிய வரலாறு எழுதியபோது இனம், சூழல், காலம் என்று மூன்றைக் காரணமாக நிறுத்தினார். எழுதியவன் ஏன் இப்படி எழுதினான் என்று பின்னாலிருந்து விளக்கும் முயற்சி அது. தொல்காப்பியம் முன்னாலிருந்து பேசுகிறது. எழுதப் போகிற புலவனுக்கு, இன்ன உணர்ச்சிக்கு இன்ன நிலத்தை, இன்ன பொழுதை, இன்ன பறவையைக் கொண்டுவா என்கிறது. 'முதல் எனப்படுவது நிலம் பொழுது இரண்டின் இயல்பு' என்பது பட்டறை விதி. மனிதனைப் பற்றிய தீர்ப்பு அல்ல.

பாலையைப் பாருங்கள். 'நடுவணது ஒழிய' என்று சொல்லி அதற்குத் தனி நிலமே ஒதுக்கவில்லை தொல்காப்பியர். முல்லையும் குறிஞ்சியும் மழையற்றுத் திரிந்தால் பாலை என்ற வடிவம் கொள்ளும் என்கிறது சிலப்பதிகாரம். சித்திரை மாதத்தில் முதுகுளத்தூர்ப் பக்கம் பேருந்தில் போனவர்களுக்கு உரை வேண்டியதில்லை. நிலம் நிலையானதல்ல, பருவத்தோடு மாறுவது என்பதை ஒத்துக்கொண்ட கொள்கை இது. ஐரோப்பிய வகைக் கோட்பாடுகளில் பலவற்றுக்கு இந்த நெகிழ்ச்சி கிடையாது.

கேள்வி: வெப்ப நாட்டுக்காரர்கள் சோம்பேறிகள் என்று ஒரு பெரிய அறிஞரே எழுதியிருக்கிறாராமே? (ஒரு மாணவி, இராமநாதபுரம்)

மாண்டெஸ்கியூ என்ற பிரெஞ்சுச் சிந்தனையாளர், 1748இல் வந்த 'சட்டங்களின் ஆன்மா' என்ற நூலில். ஓர் ஆட்டு நாக்கை நுண்ணோக்கியில் பார்த்தார். பாதியை உறையவைத்தபோது மேலிருந்த நுண்மொட்டுகள் சுருங்கி மறைந்தன. குளிர் விட்டதும் எழுந்தன. குளிரில் நரம்பு மந்தம், மனம் திடம். வெப்பத்தில் நரம்பு கூர்மை, மனம் தளர்ச்சி என்று முடிவு கட்டி, அதிலிருந்து இந்தியர்களின் குணம்வரை வந்துவிட்டார். ஒரு நாக்கிலிருந்து ஒரு கண்டத்துக்குத் தாவுவது எப்படி என்று அறிய விரும்புவோர் அந்த நூலின் 14ஆம் புத்தகத்தைப் படிக்கலாம். பங்குனி வெயிலில் கரைவலை இழுப்பவர்களிடம் அதை வாசித்துக் காட்டவேண்டாம்.

கேள்வி: நெய்தல் என்றாலே இரங்கல், ஏங்கி அழுவது என்று பாடப்புத்தகம் சொல்கிறது. எங்கள் ஊரில் எந்தப் பெண்ணும் கடலைப் பார்த்து அழுதுகொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. கருவாடு புரட்டவும் ஏலம் கேட்கவுமே நேரம் போதவில்லை. (ஒரு வாசகி, தங்கச்சிமடம்)

பாட்டிலும் அப்படித்தான் இருக்கிறது. பாடப்புத்தகம் உரிப்பொருளை, அதாவது திணைக்குரிய உணர்ச்சியை மட்டும் எடுத்துக்கொண்டு, கருப்பொருளாகிய அந்நிலத்து உயிர்களையும் தொழிலையும் கழுவி ஊற்றிவிடுகிறது. நற்றிணை 45ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தேரில் வந்து நிற்கிற செல்வன் மகனிடம் தோழி பேசுகிறாள். இவள் கடல் கலங்க உள்ளே புகுந்து மீன் எறியும் பரதவர் மகள். கொழுப்புள்ள சுறாவை அறுத்து உணங்கப் போட்டிருக்கிறோம். பறவை கொத்தாமல் விரட்டிக்கொண்டிருக்கிறோம். எங்களுக்கு அழகு எங்கிருந்து வரும்? 'புலவு நாறுதும், செல நின்றீமோ.' மீன்நாற்றம் அடிக்கிறோம், தள்ளி நில்லுங்கள். அதோடு விடவில்லை. கடலில் விளைவதை வைத்து வாழும் எங்கள் சிறிய நல்ல வாழ்க்கை உம்முடையதோடு ஒத்ததல்ல, எங்களிலும் தலைவர்கள் உண்டு என்று முடிக்கிறாள்.

இங்கே நிலம் என்ன செய்திருக்கிறது? சோகத்தைக் கொடுக்கவில்லை. ஒரு வேலையைக் கொடுத்திருக்கிறது. சுறாவின் சதை தடிமன். சரியாகக் கீறி உப்பிடாவிட்டால் உள்சதை காயுமுன் கெட்டுவிடும். மேகம் போட்டால் ஈ முட்டையிட்டுப் புழு வைக்கும். காய்கிறவரை ஆள் பக்கத்தில் இருந்தே ஆகவேண்டும். ஆக, பெண் பகல் முழுக்க மணல்வெளியில், எல்லார் கண்ணிலும் படும்படி நிற்கிறாள். வெளியூர்க்காரன் அவளைச் சந்திக்க வாய்ப்பு வருவது அதனால்தான். ஊர்ப்பேச்சாகிய அலர் அவ்வளவு சீக்கிரம் கிளம்புவதும் அதனால்தான் என்பது எங்கள் கணிப்பு. குறிஞ்சித் தினைப்புனத்தில் பரண் செய்கிற காரியத்தை இங்கே கருவாட்டு மணல் செய்கிறது.

இரங்கல் எங்கே வருகிறது என்றால், அந்த வெளியூர்க்காரன் வராமல் போகும்போது. உப்பங்கழியில் நீர் ஏறினால் தேர் வராது. இது உவமையல்ல, பாதைப் பிரச்சினை.

கேள்வி: சிலப்பதிகாரத்தில் வரும் தொண்டி எங்கள் தொண்டிதானா, கேரளத்துத் தொண்டியா? பட்டிமன்றத்தில் சண்டையே வந்துவிட்டது. (ஒரு வாசகர், தொண்டி)

சங்கப் பாடல்களில் 'தொண்டி' என்று வருகிற இடங்களில் பெரும்பகுதி சேரர் துறைமுகம், மேலைக்கடல். ஐங்குறுநூற்றின் தொண்டிப் பத்தையும் அதற்கே சேர்க்கவேண்டும். அதில் உங்கள் ஊர்க்காரர்கள் உரிமை கொண்டாடினால் எதிரணி ஜெயிக்கும்.

ஆனால் ஊர்காண் காதையில் உங்கள் பக்கம் வலுவான சான்று இருக்கிறது. தொண்டியோர் மரக்கலக் கூட்டத்தில் கொண்டுவந்த அகில், துகில், ஆரம், வாசப்பொருள், கருப்பூரம் இவற்றின் மணத்தைச் சுமந்து 'கொண்டலொடு புகுந்து' கூடல் நகருக்குக் காற்று வருகிறது. கொண்டல் கீழ்க்காற்று. மதுரைக்குள் கிழக்கிலிருந்து வீசுகிற காற்று சேரநாட்டு மணத்தைக் கொண்டுவர வழியில்லை. அகிலும் கருப்பூரமும் கீழைக்கடலுக்கு அப்பாலிருந்து வந்த சரக்கு. காற்றின் திசையும் சரக்கின் பட்டியலும் ஒரே பக்கம் கை காட்டுகின்றன. பட்டிமன்றத்தில் அடுத்த முறை உணர்ச்சியை விட்டுவிட்டுத் திசைகாட்டியை எடுத்துப் போங்கள்.

காற்று என்றவுடன் ஒன்று சொல்லவேண்டும். பாம்பன் தீவுக்காரர்கள் 'கடல்' என்று ஒன்றாகச் சொல்வது குறைவு. வடகடல், தென்கடல் என்று இரண்டு. வடக்கே பாக் விரிகுடா; பெரும்பாலும் 15 மீட்டருக்கும் குறைந்த ஆழம், சேற்றுத்தரை. தெற்கே மன்னார் வளைகுடா. பவளப்பாறை, பிறகு சட்டென்று ஆழம். தென்மேற்குப் பருவக்காற்றில் தென்கடல் கொந்தளிக்கும்போது வடகடல் குளம்போல் கிடக்கும். வாடை என்ற வடகாற்று எழும்பினால் தலைகீழ். ஒரு பக்கம் மூடினால் மறுபக்கம் திறக்கும் என்ற கணக்கு இந்தத் தீவு மக்களின் பேச்சிலும் பஞ்சாயத்திலும் ஊறியது. 'கடல் ஒரு பேரதிசயம்' என்று எழுதுபவர் பெரும்பாலும் சுற்றுலாப் பேருந்தில் வந்தவர்.

கேள்வி: அகநானூற்றில் உப்பு விளைப்பதைப் பற்றி வருகிறது என்றார்கள். அதில் தொழில் நுணுக்கம் சரியாக இருக்கிறதா? (உப்பளத் தொழிலாளி ஒருவர், வாலிநோக்கம்)

அகம் 140. 'இருங்கழிச் செறுவின் உழாஅது செய்த வெண்கல் உப்பு' என்கிறார் அம்மூவனார். செறு என்றால் வயல். உழாமல் விளைந்த வயல் என்று அவர் சொன்னதில் தொழில் தப்பில்லை. உங்களுக்கே தெரியும், பாத்தித் தரையை உழமாட்டோம், மிதித்து இறுக்குவோம். தரை கசிந்தால் எல்லாம் போச்சு.

மற்ற வாசகர்களுக்காக: நூறு லிட்டர் கடல்நீரில் எல்லா உப்புகளும் சேர்ந்து சுமார் மூன்றரைக் கிலோ, அதில் சமையல் உப்பு இரண்டே முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. நேரே காயவிட்டால் கசப்பும் சுண்ணாம்பும் கலந்த கட்டிதான் கிடைக்கும். அதனால் நீரைப் பாத்தி பாத்தியாக நகர்த்துகிறார்கள். உப்புநீரின் அடர்த்தியைக் காட்டும் போமே அளவியில் கடல்நீர் 3 முதல் 3.5 டிகிரி. 13 டிகிரிக்கு மேல் ஜிப்சம் படியத் தொடங்கும். அதை முந்திய பாத்திகளிலேயே விட்டுவிடவேண்டும். நீர் பத்தில் ஒரு பங்காகச் சுண்டி 25 டிகிரி வரும்போது உப்பு பூக்கிறது. 29, 30ஐ நெருங்கினால் மிஞ்சிய நீரை வெளியேற்றவேண்டும். பேராசைப்பட்டு வைத்திருந்தால் மக்னீசிய உப்பு சேர்ந்து சரக்கு கசக்கும், ஈரம் இழுத்துக் கசியும். நடுவே ஒரு கோடைமழை பெய்தால் பல வாரத்து உழைப்பு பழையபடி தண்ணீர்.

பாட்டுக்கு வருவோம். உப்பை வாங்கி உள்நாட்டுக்கு வண்டியில் கொண்டுபோகிற உமணர் வீட்டுப் பெண் வளையல் ஒலிக்கக் கைவீசி, 'நெல்லின் நேரே வெண்கல் உப்பு' என்று கூவி விற்கிறாள். நெல்லுக்குச் சரியளவு உப்பு. இங்கேதான் வளம் மனப்போக்கைத் தொடுகிறது. உப்பை விளைவித்தவன் உப்பை மட்டும் தின்ன முடியாது. மறுநாளே உள்நாட்டு நெல்லைத் தேடவேண்டும். தனக்குத் தானே போதும் என்று இருக்கும் மருதத்துப் பெருமிதம் நெய்தலில் வராது. விலை கூறல், மாற்று, புதிய ஆளோடு பேச்சு இவைதான் வரும். உமணர் வண்டிகள் பாலைப் பாட்டுகளின் காட்டுவழிகளிலும் தட்டுப்படுவதைக் கவனியுங்கள். திணைகளைத் தைத்த நூல்களில் ஒன்று உப்பு.

கேள்வி: கடலோரத்தில் பிறந்தால் கவிஞர் ஆகலாமா? (பெயர் வேண்டாம் என்கிறார், மண்டபம்)

ஆகலாம். மீன் விலையும் தெரிந்திருந்தால் இன்னும் நல்லது.

கேள்வி: 'தண்ணியில்லாக் காடு' என்று எங்கள் மாவட்டத்தைச் சொல்கிறார்கள். அந்த வறட்சி எங்கள் ஆட்களின் மனதையும் வறளவைத்துவிட்டது என்று ஒரு கட்டுரை படித்தேன். கோபமாக வருகிறது. (ஒரு வாசகர், முதுகுளத்தூர்)

கோபம் நியாயமே. அது இந்த ஊர்க்காரர் சொன்ன சொல் அல்ல; இடமாறுதல் உத்தரவு வாங்கியவர் சொன்ன சொல். மழை இங்கே இல்லாமலில்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். ஆனால் அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். நிலம் தட்டை, ஆற்றுக்கு இது கடைசிப் பகுதி. ஆகவே பிடித்து வைப்பதுதான் இங்கே அறிவு. கண்மாய்ச் சங்கிலி, குடிநீருக்கென்று தனி ஊரணி, அதில் கால் நனைக்கக்கூடாது என்ற கட்டுப்பாடு. இராஜசிங்கமங்கலம் கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று சொல்கிற வாய் வறண்ட மனதின் வாயா?

வைகையைப் பற்றிய தனிப்பாடல் ஒன்று உண்டு. சிவனுக்கு நஞ்சைக் கொடுத்த பாவி கடல், அதனால் வைகை அதனிடம் போய்ச் சேரமாட்டேன் என்று நின்றுவிட்டதாம். உண்மை நிலவரம், ஆறு வரும் வழியெல்லாம் கண்மாய்களுக்குப் பிரிந்து, மிச்சம் இராமநாதபுரம் பெரிய கண்மாயில் அடங்கிவிடுகிறது. நல்ல வெள்ளம் வந்தால்தான் ஆற்றங்கரை ஊரருகே கடலைத் தொடும். ஒரு நீர்ப்பாசன ஏற்பாட்டை, அதுவும் ஆறு கடல் சேராத குறையை, ஆற்றின் மானமாக மாற்றியிருக்கிறார் புலவர். வறட்சி கற்பனையைக் கொல்லும் என்பவர்களுக்கு இந்த ஒரு பாட்டைக் காட்டினால் போதும்.

கரையோரத்தில் இன்னொரு நுட்பம். இலக்கணிகள் நெய்தலுக்குச் சொல்லும் நீர்நிலை மணற்கிணறும் உவர்க்கழியும். தனுஷ்கோடி மணலில் சில அடி தோண்டினால் இன்றும் நல்ல தண்ணீர் ஊறும். மழைநீர் மணலில் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 அடிவரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. இதன் மறுபக்கம்தான் ஆபத்து: மேல்மட்டம் ஓரடி இறங்கினால் அடியிலிருந்து உப்புநீர் 40 அடி ஏறப் பார்க்கும். அதனால்தான் ஆழமாகத் தோண்டக்கூடாது, அகலமாகத் தோண்டவேண்டும். ஊற ஊறக் கொட்டாங்கச்சியால் மொள்ளவேண்டும். மோட்டார் வைத்த கிணறு உப்பாவதற்குச் சாமி குற்றம் காரணமல்ல. நாலுபுறமும் உப்புநீர் சூழ்ந்த தீவில் நன்னீர்க் கிணறுகளே தீர்த்தங்களானதில் எங்களுக்கு வியப்பில்லை.

கேள்வி: சீறாப்புராணத்தில் அரபுநாட்டில் மழை கொட்டுகிறது, ஆறு ஓடுகிறது, வயல் விளைகிறது. உமறுப்புலவருக்குப் பாலைவனம் தெரியாதா? (ஒரு வாசகர், கீழக்கரை)

தெரியாமல் எழுதவில்லை. தமிழில் காப்பியம் என்றால் நாட்டுப்படலம் வேண்டும். நாட்டுப்படலம் என்றால் மலையில் மழை, வெள்ளம், வயல் என்று வரிசை. கம்பர் கோசலத்துக்குக் காவிரி மணத்தை ஏற்றியதும் இதே வழிதான். இது நிலத்தின் வேலையல்ல, மரபின் வேலை. நிலம் ஒரு முறை மொழிக்குள் புகுந்துவிட்டால் பிறகு மரபாகிக் கப்பலேறி எந்த நாட்டுக்கும் போகும்.

அதே நூலில் 'சுரத்தில் புனல் அழைத்த படலம்' இருக்கிறது. அங்கே வெயிலும் தாகமும் வருகிறபோது உமறுவுக்குக் கைகொடுப்பது சங்கப் பாலை. சுரம் என்ற சொல்லே அங்கிருந்து வந்தது. வளத்துக்கு மருதம், வறட்சிக்குப் பாலை; அரபு நிலத்தை அவர் தமிழ்த் திணைகளால் அளந்தார். எங்கள் பார்வையில் அது அறியாமையல்ல, துணிச்சல்.

பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் கேட்கவேண்டும். புலவர் எட்டயபுரத்தவர். ஆதரித்தவர் உங்கள் ஊர்ச் சீதக்காதி, கடல் வணிகர். அவருக்குப் பின் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர், அவரும் துறைமுகத்துக்காரர். சேதுபதிகள் புலவருக்கு ஊரை மானியமாகக் கொடுத்தார்கள். அவர்களிடம் இருந்தது நிலம். மரைக்காயர்களிடம் இருந்தது கப்பலும் முத்தும் சங்கும், அவற்றின் வழி வந்த ரொக்கமும் வெளிநாட்டுத் தொடர்பும். இந்த இரண்டாவது வகை வளம் இல்லாமல் 5027 பாடல்களில் நபிகள் வரலாறு தமிழில் வந்திருக்குமா என்பது சந்தேகமே. தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழ் இந்தக் கரையில் தழைத்ததும் அதே போக்குவரத்தால்தான். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அதில் எழுதியவை இலங்கையிலும் படிக்கப்பட்டன.

கேள்வி: கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டில் வரிகள் ஏன் அவ்வளவு குட்டை? பொருளும் கோர்வையாக இல்லையே? (நாட்டுப்புறவியல் மாணவர், இராமேசுவரம்)

வலையைப் பாருங்கள், பாட்டு புரியும். நடுவில் பை போன்ற மடி. இரு புறமும் நீண்ட கை. கைகளின் நுனியிலிருந்து கரைக்குக் கயிறு. ஒரு நுனியைக் கரையில் விட்டுவிட்டு வள்ளம் கடலுக்குள் போய் அரைவட்டமாக வலையை இறக்கி, மறு நுனியோடு தள்ளி ஓரிடத்தில் கரையேறும். பிறகு இரண்டு அணி, இரண்டு கயிறு. ஓர் அணி முந்தினால் மடி கோணும். அடிக்கயிறு தரையைவிட்டுத் தூக்கும். மீன் கீழே நழுவிவிடும். நீரோட்டம் பக்கவாட்டில் தள்ளினால் இரண்டு அணியும் கரையோரமாகவே நகர்ந்துகொண்டு இழுக்கவேண்டும். அடுத்த அணியின் முகம் தெரியாத தூரம். குரல் மட்டும் கேட்கும்.

ஆகவே பாட்டு அளவுகோல். ஒருவர் எடுத்துக்கொடுக்க, மற்றவர் ஏலேலோ போடும் இடத்தில் உடல் பின்னால் சாயும். எடுத்துக்கொடுக்கும் வரி மூச்சு வாங்கும் நேரத்துக்கு மேல் நீளக்கூடாது. வேலை எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று யாருக்கும் தெரியாததால் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தக்கூடிய, எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டக்கூடிய பாட்டாக இருக்கவேண்டும். அந்தோணியாரும் முருகனும் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியின் கஞ்சத்தனமும் அடுத்தடுத்து வருவது அதனால்தான். மடி அருகே வந்ததும் வரி இன்னும் குறுகி வேகம் கூடும். நீங்கள் பதிவு செய்யப்போனால் உட்காரவைத்துப் பாடச் சொல்லாதீர்கள். கயிறில்லாமல் பாடினால் வேகமாற்றம் வராது. வெறும் வார்த்தைதான் கிடைக்கும். கயிற்றை இழுக்க எந்திரம் வந்துவிட்ட இடங்களில் பாட்டு முதலில் இழப்பது இந்த வேகமாற்றத்தைத்தான்.

கேள்வி: சங்கப் பாட்டில் எங்கள் கடற்கரையின் தடயங்கள் பற்றிக் கல்லூரியில் ஆய்வேடு எழுதவேண்டும். எங்கே தொடங்குவது? (ஒரு மாணவர், தேவிபட்டினம்)

தம்பி, ஒரே ஒரு பாட்டில் தொடங்குங்கள். அகம் 70 தோதானது. 'கவுரியர் தொன்முது கோடி' என்று பாண்டியரின் பழைய கோடிக்கரை அதில் வருகிறது. இராமன் மறைபொருள் ஆராய்ந்தபோது பறவை ஒலி அடங்கிப்போன ஆலமரம் போல ஊர்ப்பேச்சு அடங்கியது என்கிறது பாட்டு.

முதலில் பாட்டிலுள்ள பொருள்களை எல்லாம் பட்டியலிடுங்கள். அடுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு சோதனை: இதே சொற்றொடர் வேறு நெய்தல் பாட்டுகளிலும் வருகிறதா? வந்தால் மரபு என்று குறியுங்கள். சிறிய கண்ணுள்ள வலை, வேட்டை வாய்த்ததும் கொழுத்த அயிலையை ஊருக்குப் பகுத்துக் கொடுப்பது போன்ற நுணுக்கங்கள் இருந்தால் கண்ணால் கண்டதாக இருக்க வாய்ப்பு அதிகம். மூன்றாவதாக மீனவரிடம் போங்கள். அயிலை என்ற பெயர் குமரிக் கரையில் இன்றும் உண்டு. கிழக்கே பெரும்பாலும் கானாங்கெளுத்தி என்பார்கள். எனவே பெயரை மட்டும் கேட்டுத் திரும்பாமல், படம் காட்டி, எந்த மாதம், எந்தக் கண் அளவு வலையில் விழும் என்று கேளுங்கள். செடிகளையும் நேரில் பாருங்கள். குறுந்தொகை 243 அடும்பின் கவட்டிலையை மானின் குளம்படிக்கு ஒப்பிடுகிறது. தனுஷ்கோடிச் சாலையோர மணலில் அந்தக் கொடியில் ஓர் இலையைப் பறித்துக் கையில் வைத்துப் பார்த்தால் ஒப்புமையின் துல்லியம் தெரியும்.

இப்படிப்பட்ட ஆய்வேடுகள் சறுக்குகிற இடங்களையும் சொல்லிவிடுகிறோம். சீமைக் கருவேலும் மிளகாயும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. குண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது உண்மை. அதனால் அது சங்ககாலப் பயிராகிவிடாது. இன்றைய கரைக்கோட்டைப் பாட்டின் கரைக்கோடாகக் கொள்ளாதீர்கள். 1964 டிசம்பர்ப் புயல் ஒரே இரவில் தனுஷ்கோடியைத் தின்றதை மறக்கவேண்டாம். அகழாய்வுச் சான்று வேண்டுமென்றால் அழகன்குளம் இருக்கிறது. உரோமக் காசும் கப்பல் கீறிய பானை ஓடும் கிடைத்த இடம். ஆனால் பானை ஓடு பாட்டை 'நிரூபிக்கிறது' என்று எழுதாதீர்கள். இரண்டும் ஒரே துறைமுக வாழ்வைக் காட்டுகின்றன என்ற அளவில் நிறுத்துங்கள்.

கடைசியாக, பாட்டில் எது இல்லை என்று ஒரு பக்கம் எழுதுங்கள். அமாவாசை, பௌர்ணமியில் கடல்நீர் வற்றும்போது விரலில் துணி சுற்றிக்கொண்டு மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் எடுக்கிற பெண்களை எந்தத் திணைப் பட்டியலில் வைப்பீர்கள்? அந்தப் பக்கத்துக்குத்தான் தேர்வாளர் மதிப்பெண் போடவேண்டும்.

கேள்வி: வளமான நாட்டில்தான் வளமான இலக்கியம் வருமா? (ஒரு வாசகர், சாயல்குடி)

ஐஸ்லாந்தைப் பாருங்கள். காடு சொற்பம், தானியம் விளைவது அரிது, நீண்ட குளிர்காலம். இருந்தது ஆடும் மாடும். கன்றுத்தோலைப் பதப்படுத்தி அதில் உரைநடைக் கதைகளை எழுதிக் குவித்தார்கள். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்ட பிளாட்டெயார்போக் என்ற ஒரே சுவடிக்கு 113 கன்றுத்தோல் ஆனதாகக் கணக்கு. களிமண் தவிர அதிகம் இல்லாத மெசபடோமியா களிமண்ணில் எழுதியது. நைல் நதிக்கரை நாணலில் எழுதியது. எவ்வளவு இருக்கிறது என்பதைவிட எது இருக்கிறது என்பதே எழுத்தின் வடிவத்தை அதிகம் மாற்றுகிறது. நமக்குப் பனை. அதைப் பற்றி அடுத்த கடிதம்.

கேள்வி: வீட்டுப் பரணில் பாட்டனார் காலத்து ஓலைச்சுவடிக் கட்டு ஒன்று கிடைத்தது. எழுத்து மங்கலாக இருக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவலாமா? (ஒரு வாசகி, திருப்புல்லாணி)

வேண்டாம். பிசுக்கேறித் தூசி அப்பும், பூச்சியும் வரும். வெயிலிலும் போடாதீர்கள், ஓலை சுருண்டு முறியும். லேமினேஷன் கடைப் பக்கமே போகக்கூடாது.

ஓலை எப்படி ஆனது என்று தெரிந்தால் எப்படிக் காப்பது என்பதும் தெரியும். பனையோலையின் ஈர்க்கை நீக்கி, நிழலில் உலர்த்தி, தண்ணீரில் வேகவைத்து மறுபடி உலர்த்தி, வழவழப்பான கல்லாலோ சங்காலோ தேய்த்து, ஒரே அளவாக நறுக்கி, துளையிட்டுக் கயிறு கோப்பார்கள். அகலம் பெரும்பாலும் மூன்று, நான்கு சென்டிமீட்டர்தான். எழுத்தாணி மேல்தோலைக் கீறும். மை பிறகு பூசுவது. ஓலை கிழியாமல் இருக்கப் புள்ளியைத் தவிர்த்தார்கள். வார்த்தைக்கு வார்த்தை இடம் விடவில்லை. புள்ளியும் இடைவெளியும் இல்லாத இடத்தில் சொல்லைப் பிரிக்க உதவுவது எதுகையும் சீரும்தான். மருத்துவமும் சோதிடமும் நம்மிடம் பாட்டாக இருப்பதற்கு மனப்பாடம் ஒரு காரணம் என்றால், இந்த ஒல்லி ஓலை இன்னொரு காரணம். கடலோர ஈரத்தில் ஓலை இருநூறு, முந்நூறு ஆண்டு தாங்கினாலே பெரிது. அதற்குள் யாராவது படியெடுக்கவேண்டும். யாரும் படியெடுக்காத நூல் போயிற்று. எகிப்தின் வறண்ட மணலில் முசிறி வணிகம் பற்றிய 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் தப்பியது. நம் கரையில் எழுதிய கணக்கோலை எதுவும் அப்படித் தப்பவில்லை.

இப்போது செய்யவேண்டியது: கட்டை அவிழ்க்குமுன் நான்கு பக்கமும் படமெடுங்கள். கயிறு இற்றிருந்தால் இழுக்காமல் வெட்டுங்கள். ஓலை வரிசையைக் கலைக்காதீர்கள். மென்மையான தூரிகையால் நீளவாக்கில் தூசி தட்டுங்கள். ஒட்டிக்கொண்ட ஓலைகளைப் பிரிக்க முயலவேண்டாம். எழுத்து கீறப்பட்டதா, மையால் மேலே எழுதப்பட்டதா என்று சாய்வெளிச்சத்தில் பாருங்கள். கீறியது என்றால், எழுத்தில்லாத ஓர் ஓலை ஓரத்தில் முதலில் சோதித்துவிட்டு, எலுமிச்சைப்புல் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு லேசாக ஒற்றலாம். நெகிழ்ச்சி வரும், பூச்சி அண்டாது. மேலே எழுதியது என்றால் தொடவே தொடாதீர்கள், மை கரைந்துவிடும். பருத்தித் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போடாமல், காற்றாடும் அலமாரியில் வையுங்கள். பிறகு படங்களோடு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறைக்கோ, சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்கோ, உ.வே.சா. நூலகத்துக்கோ எழுதிக் கேளுங்கள். முதல் ஓலையையும் கடைசி ஓலையையும் தெளிவாகப் படமெடுத்து அனுப்புங்கள். நூலின் பெயரும் படியெடுத்த ஆண்டும் பெரும்பாலும் அவற்றில்தான் இருக்கும்.